செயல்வழிக் கற்றலில் மாணவரின் பொறுப்பும் சுதந்திரமும்

செயல்வழிக் கற்றல் என்பது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளில் பின்பற்றப்பட்ட கற்பித்தல் முறையாகும். ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்துவதற்குப் பதிலாக, ஒவ்வொரு குழந்தையும் தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துத் தன் வேகத்தில் கற்பது இதன் அடிப்படை.

தோற்றம்

2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இம்முறை தொடங்கப்பட்டது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் இதற்கு முன்னின்றார். ஆந்திர மாநிலம் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில், பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் அமரும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்ட அட்டை முறையே இதன் முன்மாதிரி. 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் விரிவுபடுத்தப்பட்டபோது, பொன்மலை உள்ளிட்ட திருச்சிப் பகுதியின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது.

வகுப்பறையில் நடப்பது

பாடத்திட்டம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, 'கற்றல் ஏணி' என்னும் அட்டவணையாகச் சுவரில் தொங்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு படக்குறியும் எண்ணும் உண்டு. நேற்று எந்தப் படியில் நிறுத்தினோம் என்று குழந்தை ஏணியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். தட்டிலிருந்து அதே குறியுள்ள அட்டையை எடுக்கும். எந்தக் குழுவில் அமர வேண்டும் என்பதையும் அக்குறியே காட்டும். ஆசிரியரின் முழு உதவியுடன் கற்கும் குழுவில் தொடங்கி, சக மாணவர் உதவும் குழு, தானே கற்கும் குழு, மதிப்பீட்டுக் குழு எனக் குழுக்கள் ஆறு. பொன்மலை ரயில்வே பணிமனையில் தொழில் பழக வருபவரிடம் முதல் நாளே எஞ்சினை ஒப்படைத்துவிடுவதில்லை அல்லவா? அதுபோல இங்கும் பொறுப்பு படிப்படியாகவே கைமாறுகிறது.

வருகையைக் குழந்தையே அட்டவணையில் குறிக்கும். கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றித் தாழ்வான கரும்பலகை. அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். வரைந்த படங்கள் தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும்.

இம்முறையால் மிகுந்த பயன் பெற்றவர்கள், அடிக்கடி பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகள். காய்ச்சலால் பத்து நாள் வராத குழந்தை பழைய முறையில் பத்துப் பாடங்களை இழக்கும். திரும்பி வந்ததும் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும். ஏணியில் அது விட்ட படியிலிருந்தே தொடரலாம். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இல்லாத முதல் தலைமுறை மாணவருக்கு இது சிறிய சலுகை அன்று.

சட்டாம்பிள்ளை முறையுடன் ஒப்பீடு

மாணவரே மாணவருக்குச் சொல்லித்தருவது தமிழகத்துக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே கற்பிக்கும் முறையை 1797இல் நூலாக வெளியிட்டார். அது இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. ஆனால் சட்டாம்பிள்ளையிடம் இருந்தது ஒருவருக்கு மட்டும் வழங்கப்பட்ட அதிகாரம். மற்றவர்கள் கீழ்ப்படிந்தார்கள். பல வகுப்புகளில் 'லீடர்' இன்றும் பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அதன் மிச்சமே. செயல்வழிக் கற்றல் பொறுப்பை வகுப்பிலுள்ள அனைவருக்கும் பகிர்ந்தளித்தது.

குறைகள்

எவ்வளவு வேகமாகப் போவது என்பது மாணவர் கையில் இருந்தது; எதைக் கற்பது என்பது இல்லை. ஏணியின் வரிசை மாறாதது. எனவே இதை முழுச் சுதந்திரம் என்று சொல்வது மிகை. மாணவர் எண்ணிக்கை கூடுதலாக இருந்த வகுப்புகளில் ஆசிரியர் அட்டைகளைச் சரிபார்ப்பதிலேயே நேரத்தைச் செலவிட நேர்ந்தது. அட்டைகள் கிழிந்தாலோ தொலைந்தாலோ ஏணியில் ஓட்டை விழும். புத்தகமும் வீட்டுப்பாடமும் இல்லாததால் பிள்ளை படிக்கிறதா என்று பெற்றோர் ஐயுற்றதும் இயல்பே. எல்லாவற்றையும் விட, பேசிப் பழகிய ஆசிரியர் தரையில் பிள்ளைகளுடன் அமர்ந்து, கேட்டால் மட்டும் உதவுவது கடினம். குறுகிய காலப் பயிற்சி அதற்குப் போதாது.

பிந்தைய நிலை

இம்முறை பின்னர் எளிமைப்படுத்தப்பட்டது. 2022இல் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதில் மாணவர்கள் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளாகப் பிரிக்கப்படுகின்றனர். குழந்தைக்குக் குழந்தை வேகம் வேறுபடும் என்ற கருத்து இதிலும் தொடர்கிறது; ஆனால் எந்த நிலை என்பதைத் தீர்மானிப்பது ஆசிரியரின் மதிப்பீடு. தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே தேடி எடுக்கும் வேலை குழந்தைக்கு இல்லை.