ஆயிரம் பூக்கள் சரி... இலைகள் மட்டும் ஏன் நீலமா இருக்கு?

சின்ன வேலிக்குள் ஓர் ஒற்றைக்கொம்புக் குதிரை. சுற்றிலும் பூவோ பூ. நியூயார்க்கின் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள இந்தச் சுவர்த்திரை சுமார் 12 அடி உயரம். 1495-1505 காலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ‘யூனிகார்ன்’ திரைகள் ஏழில் இதுவும் ஒன்று.

பின்னணி முழுக்கப் பூச்செடிகளால் நிரப்பும் இந்த பாணிக்கு ‘மில்ஃப்ளூர்’ என்று பெயர். பிரெஞ்சில் ‘ஆயிரம் பூக்கள்’. எல்லாம் கற்பனைப் பூக்கள் இல்லை. ஏழு திரைகளிலும் சேர்த்து 100-க்கும் மேற்பட்ட செடி வகைகள் உள்ளன. அவற்றில் 85 வகைகளை என்னென்ன செடிகள் என்றே தாவரவியலாளர்கள் சொல்லிவிட்டார்கள்!

ஆனால், அந்தக் காலத்துத் திரைகள் பலவற்றில் ஒரு விஷயம் உறுத்தும். இலைகள் நீலமாகத் தெரியும். நெசவாளியின் ரசனையா? இல்லை, வெளிச்சத்தின் வேலை.

இது துணிமேல் போட்ட எம்பிராய்டரி கிடையாது. பாவு நூல் வெளியே தெரியாதபடி வண்ண ஊடை நூலாலேயே படத்தை நெய்துவிடுவார்கள். ஆக, சாயம் போனால் படமும் போச்சு. முக்கியச் சாயங்கள் மூன்று செடிகளிலிருந்து வந்தன: சிவப்புக்கு மேடர் வேர், மஞ்சளுக்கு வெல்ட், நீலத்துக்கு வோட். நம்ம ஊர் அவுரியில் இருக்கும் அதே இண்டிகோதான் வோட் இலையிலும் கிடைக்கிறது. பச்சை வேண்டுமென்றால் நீலத்தையும் மஞ்சளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றணும். சிக்கலே இங்கதான். வெளிச்சம் பட்டால் மஞ்சள் சீக்கிரம் வெளிறிவிடும், நீலம் தாக்குப்பிடிக்கும்.

சரி, புது நூல் வைத்துத் தைத்தால்? பாரிஸின் க்ளூனி அருங்காட்சியகத்தில் உள்ள ‘சீமாட்டியும் யூனிகார்னும்’ திரைகளுக்கு 19-ம் நூற்றாண்டில் அதைச் செய்தார்கள். கீழ்ப்பகுதியில் அப்போது புதுசாக வந்த ரசாயனச் சாய நூல்கள். இன்று வெளிறிக் கிடப்பது அந்தப் பகுதிதான். பழைய செடிச் சாயமே தேவலை!

அதனால்தான் இப்போது யாரும் நிறத்தைத் திருப்பிக் கொண்டுவர முயல்வதில்லை. அறையில் விளக்கை மங்கலாக வைக்கிறார்கள், அவ்வளவுதான். ‘செல்ஃபிக்கு லைட் பத்தல’ என்று அங்கே கடுப்பானால் காரணம் இதுவே.

1998-ல் யூனிகார்ன் திரைகளைச் சுத்தம் செய்ய, பின்பக்க உள்துணியைப் பிரித்தார்கள். வெளிச்சமே படாத பின்பக்கத்தில் அதே படம், இடவலம் மாறி, பளிச்சென்ற பச்சையோடு இருந்தது. இரண்டு பக்கத்தையும் டிஜிட்டலில் படமெடுத்துக்கொண்டு, பின்பக்கத்தை மறுபடி துணியால் மூடிவிட்டார்கள்.