செங்கல்லை மிச்சப்படுத்தும் எலிப்பொறிக் கட்டு

நாஞ்சில் நாட்டில் புதிதாக வீடு கட்டுவோரும், பழைய வீட்டில் அறை கூட்டுவோரும் ஒன்றைக் கவனத்திற் கொள்ள வேண்டும். சூளைச் செங்கல்லுக்குப் பல இடங்களில் வயலின் வளமான மேல்மண்ணே வெட்டப்படுகிறது. செங்கல் குறைந்தால் வயல் பிழைக்கும்; செலவும் குறையும்.

இதற்கு ஏற்றது எலிப்பொறிக் கட்டு. அண்டையிலுள்ள கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை இது. செங்கற்களைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி இரு வரிசையாக அடுக்கி, குறுக்குக் கல்லால் பிணைக்க வேண்டும். 9 அங்குலச் சுவரின் நடுவே சுமார் 3 அங்குல இடைவெளி அமையும். அதிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுப்பதால் அறை குளிர்ச்சியாக இருக்கும். செங்கல்லில் சுமார் கால் பங்கு மிச்சமாகும்.

அளவு ஒத்த, நன்கு வெந்த கற்களையே பயன்படுத்துக. அடிவரி, ஜன்னலின் கீழ்வரி, லிண்டல் வரி, கூரையைத் தாங்கும் மேல்வரி ஆகியவற்றை இடைவெளியின்றிக் கட்டுதல் அவசியம்.