கணக்கைத் திறந்து வைத்த வைத்தியர்கள்

வைத்தியர்கள் கூடும் மகாநாடு என்றதும் நம் மனத்தில் ஒரு சித்திரம் எழுகிறது. வாசலில் வர்ணத் துணியில் எழுதிய வரவேற்பு இருக்கும். வருகிறவர்களுக்கு ஒரு தோள்பையும் குறிப்புப் புத்தகமும் கிடைக்கும். குத்துவிளக்கு ஏற்ற வேண்டிய பிரமுகர் முக்கால் மணி நேரம் தாமதித்து வந்து சேர்வார். பிறகு தூரதேசத்து நிபுணர் ஒருவர் தாம் வெற்றியுடன் முடித்த சிகிச்சைகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டுவார். பகல் போஜனத்துக்குப் பின் சபை பாதியாகக் குறைந்திருக்கும். இவற்றைப் பரிகாசம் செய்வது என் உத்தேசமன்று. புதிய மருந்தைப் பற்றியும் கருவியைப் பற்றியும் கேட்டறிய இத்தகைய கூட்டங்கள் உபயோகப்படத்தான் செய்கின்றன. ஆனால் மேடையேறுகிறவர்கள் அனைவரும் பிழைத்த நோயாளிகளைப் பற்றியே பேசுவதும், பிழைக்காதவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறவாமல் இருப்பதும் கவனிக்கத் தக்கது. பிழைக்காதவர்களின் கணக்கைப் பார்ப்பதற்காகவே ஆண்டுக்கு மூன்று முறை கூடிய ஒரு வைத்திய சபை உண்டு. அது கூடிய இடம் அமெரிக்காவின் வடகிழக்கு மூலை.

அந்தச் சபையின் கதையைச் சொல்லப் புகுமுன், அதே பிரதேசத்தில் எழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த வேறொரு கூட்டத்தைச் சொல்லியாக வேண்டும். பாஸ்டன் நகரத்தில் எர்னஸ்ட் அமோரி காட்மன் என்ற சஸ்திர வைத்தியர் இருந்தார். சிகிச்சை பெற்றுச் சென்ற ஒவ்வொரு நோயாளியையும் ஓராண்டு கழித்தும் தேடிப் பிடித்து, அவருக்குக் குணமாயிற்றா, ஆகவில்லையென்றால் தவறு எங்கே நேர்ந்தது என்பதை ஒரு சிறு அட்டையில் எழுதி வைக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. மளிகைக் கடைக்காரன் கூட வருஷக் கடைசியில் கணக்குப் பார்க்கிறான். உயிரோடு வியாபாரம் செய்கிற ஆஸ்பத்திரி பார்க்கவேண்டாமா என்று கேட்பது போன்ற கொள்கைதான். மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் அவர் பதவி வகித்து வந்தார். திறமையை அளந்து பாராமல் வயதின் வரிசைப்படி உயர்வு கொடுக்கும் வழக்கத்தை எதிர்த்து 1914-இல் அந்தப் பதவியை விட்டார். 1911-லேயே தம் சொந்தச் செலவில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியைத் தொடங்கியிருந்த அவர், 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளின் விஷயத்தில் நேர்ந்த 123 பிழைகளைத் தாமே எண்ணி அச்சிட்டு வெளியிட்டார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் விசித்திரமான மனிதர் என்று ஊர் அவரை விட்டிருக்கும். ஆனால் 1915 ஜனவரியில், ஆஸ்பத்திரிகளின் திறமையைப் பற்றி விவாதிக்க உள்ளூர் வைத்தியர்கள் கூடிய கூட்டத்துக்குத் தலைமை வகித்தபோது, முடிவில் ஒரு பெரிய கேலிச் சித்திரத்தைத் திறந்து காட்டினார். மணலில் தலையைப் புதைத்த தீக்கோழி ஒன்று பொன் முட்டைகளைப் பின்னுக்கு உதைத்துத் தள்ள, நகரத்து வைத்தியப் பெரியவர்கள் அவற்றைப் பெற்றுக்கொண்டு நிற்பதாக அந்தச் சித்திரம் அமைந்திருந்தது. தீக்கோழி யார் என்பதைப் புரிந்துகொள்ள அங்கிருந்த ஒருவருக்கும் உரை தேவைப்படவில்லை, நகரத்தின் செல்வந்தர்கள்தான். விளைவு, உள்ளூர் வைத்திய சங்கத்தில் அவருக்கிருந்த தலைமையும் போயிற்று, ஹார்வர்டில் கற்பித்து வந்த ஸ்தானமும் போயிற்று. உண்மையைச் சொன்னதற்காக அவர் தண்டிக்கப்பட்டார் என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். தம் பிழைகளைக் காட்டிய வரையில் அவரைக் கேட்பதற்கு ஒரு சிலராவது இருந்தார்கள். பிறர் பிழையைப் படம் போட்டுக் காட்டியபோது அந்தச் சிலரும் எழுந்து போய்விட்டார்கள்.

இனி வடக்கே போவோம். மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மாண்ட் என்ற மூன்று மாநிலங்களும் பனியும் காடும் மலையும் நிறைந்தவை. மூன்றிலும் சேர்த்து அக்காலத்தில் முப்பது லட்சம் ஜனங்கள் கூட இல்லை. வைத்திய ஆராய்ச்சிக்கு இந்தப் பிரதேசம் முன்பே ஒரு பெரிய அதிர்ச்சியைத் தந்திருந்தது. 1973-இல் ஜான் வென்பெர்க், ஆலன் கிட்டல்சன் என்ற இருவர் வெர்மாண்ட் மாநிலத்தை 13 ஆஸ்பத்திரி வட்டாரங்களாகப் பிரித்துப் பார்த்து, தொண்டையிலுள்ள டான்சிலை அறுத்தெடுக்கும் சிகிச்சை ஒரு வட்டாரத்தில் 10,000 பேருக்கு 13 வீதமும் மற்றொன்றில் 151 வீதமும் நடப்பதாக வெளியிட்டார்கள். ஒரே மாநிலம், ஒரே குளிர், ஏறக்குறைய ஒரேவிதமான ஜனங்கள். குழந்தையின் தொண்டையில் கத்தி படுமா படாதா என்பது அதன் நோயைக் காட்டிலும் அது பிறந்த ஊரைப் பொறுத்திருந்தது.

இந்த மண்ணில்தான் 1987-இல் வட நியூ இங்கிலாந்து இருதய நோய் ஆராய்ச்சிக் குழு பிறந்தது. அதற்கு முந்திய ஆண்டில், முதியோருக்கான இன்ஷூரன்ஸை நடத்தும் மத்திய அரசாங்க இலாகா, எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற ஜாபிதாவை முதன்முறையாக வெளியிட்டிருந்தது. பத்திரிகைகள் அதை ஆவலோடு அச்சிட்டன. வைத்தியர்களோ எல்லா ஊரிலும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "எங்களிடம் வருகிற நோயாளிகள் அதிகச் சீர்கேடான நிலையில் வருகிறார்கள்." இந்தப் பதில் நியாயமானதாகவும் இருக்கலாம், வெறும் சாக்காகவும் இருக்கலாம், எதுவென்று கண்டுபிடிக்க அப்போது ஒருவரிடமும் வழி இல்லை. அந்த வழியைத் தாங்களே செய்துகொள்வது என்று மூன்று மாநிலங்களிலும் இருதய ஆபரேஷன் செய்துவந்த ஐந்து ஆஸ்பத்திரிகளும் தாமாக முன்வந்து தீர்மானித்தன.

அவர்கள் எடுத்துக்கொண்டது பைபாஸ் ஆபரேஷன். இருதயத்துக்கே ரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் அடைத்துக்கொண்டால், காலிலிருந்து ஒரு சிரையையோ மார்பின் உட்புறத்திலிருந்து ஒரு தமனியையோ எடுத்து, அடைப்பைச் சுற்றி வேறொரு பாதை போட்டுக் கொடுக்கும் சிகிச்சை அது. அக்காலத்தில் வழக்கமாக அதைச் செய்கிற நேரத்தில் இருதயத்தை நிறுத்தி வைத்து, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைப்பார்கள். ஒவ்வொரு நோயாளியின் வயது, உடலின் அளவு, இருதயத்தின் பலம், வேறு வியாதிகள், ஆபரேஷன் நிதானமாகச் செய்யப்பட்டதா அவசரத்தில் செய்யப்பட்டதா, முன்பே ஒருமுறை நடந்ததா என்பனவெல்லாம் ஒரே மாதிரியான தாளில் பதிவாகி, டார்ட்மத் வைத்தியக் கல்லூரியில் ஜெரால்ட் ஓ'கானர் முதலிய கணக்கு நிபுணர்களிடம் சென்று சேர்ந்தன.

1987 முதல் 1989 வரை ஆபரேஷன் செய்துகொண்ட 3,055 பேரின் கணக்கு 1991-இல் வெளிவந்தது. ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் மொத்தத்தில் 100-க்கு 4.3 பேர். ஆனால் ஐந்து ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் இது 3.1, மற்றொன்றில் 6.3. பதினெட்டு சஸ்திர வைத்தியர்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒருவரிடம் 1.9, இன்னொருவரிடம் 9.2. நோயாளிகளின் நிலையில் இருந்த ஏற்றத்தாழ்வையெல்லாம் கணித சாஸ்திரத்தின் முறைப்படி கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை. "எங்கள் நோயாளிகள் சீர்கேடான நிலையில் வருகிறார்கள்" என்ற பழைய பதில், அதைச் சொன்னவர்கள் தாமே சேகரித்த கணக்கினால் செல்லாக்காசாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் அந்தக் குழு சாதாரண மகாநாடுகளிலிருந்து பிரிந்து வேறு வழியில் சென்றது. ஒவ்வொரு வைத்தியருக்கும் அவருடைய கணக்கும் பிராந்தியம் முழுவதின் கணக்கும் ஆண்டுக்கு மூன்று முறை காட்டப்பட்டன. தனி வைத்தியர் ஒருவருடைய எண் வெளியுலகுக்குப் போகாது என்பது உடன்பாடு. வேலையின் படிகளைப் பகுத்துப் பார்த்துச் சிறுகச் சிறுகச் சீர் செய்யும் முறையிலும் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. இவ்விரண்டையும் விரித்துரைக்க வேண்டியதில்லை. மூன்றாவதாக அவர்கள் செய்ததுதான் சுவையானது.

1990-இல் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரு கோஷ்டி புறப்பட்டு மற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. சஸ்திர வைத்தியர் மட்டும் போகவில்லை; மயக்க மருந்து கொடுப்பவர், இருதய இயந்திரத்தை இயக்குபவர், நர்ஸ் என்று அந்த அறையில் கைவேலை உள்ளவர்கள் பலரும் போனார்கள். போய் அங்கே பிரசங்கம் செய்யவும் இல்லை, கேட்கவும் இல்லை. நோயாளி உள்ளே வருவதிலிருந்து வெளியே போகிற வரை ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நம் வீட்டில் வற்றல் குழம்புக்குப் பேர்போன அத்தையிடம் பக்குவம் கேட்டால் என்ன சொல்லுவாள்? "புளி கொஞ்சம் கெட்டியாக் கரைச்சுக்கோ, வாசனை வந்ததும் இறக்கிடு" என்பாள். அவள் ஒளிக்கவில்லை, கை அறிந்திருப்பதை வாய் அறியாது, அவ்வளவுதான். அடுப்பங்கரையில் கூட நின்று பார்த்தால்தான் எந்த வாசனை வந்ததும் இறக்குகிறாள் என்பது தெரியும். கைத்திறமையால் ஆகும் காரியம் எதற்கும் இது பொருந்தும். சஸ்திர சிகிச்சையும் அடிப்படையில் அத்தகையதே. பார்த்துத் திரும்பியவர்கள், அவரவர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நுட்பம், ஆட்களின் பயிற்சி, வேலைப் பங்கீடு, யாருக்கு எப்போது ஆபரேஷன் என்று முடிவுசெய்யும் முறை ஆகியவற்றில் வெவ்வேறு மாறுதல்களைச் செய்துகொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று எவரும் விதிக்கவில்லை.

1987 ஜூலை முதல் 1993 ஜூலை வரை ஆபரேஷன் நடந்த 15,095 பேரின் கணக்கைச் சேர்த்து 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். மாறுதல்களுக்குப் பிந்திய காலத்தில், பழைய நிலைமை நீடித்திருந்தால் எதிர்பார்க்கக்கூடிய மரணங்களைக் காட்டிலும் 74 குறைந்திருந்தன. அதாவது 100-க்கு 24 வீதம் குறைவு. புதிய மருந்து எதையும் கண்டுபிடித்ததனால் வந்த பலனாக இதை அவர்கள் சொல்லவில்லை. ஆனால் இதே ஆண்டுகளில், இப்படிப்பட்ட கூட்டு முயற்சி எதுவும் இல்லாத மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் பைபாஸ் மரணங்கள் ஏறக்குறைய இதே வேகத்தில் குறைந்தன என்பதை வேறு ஆராய்ச்சியாளர்கள் 1997-இல் எடுத்துக்காட்டினார்கள். காலமே முன்னேறிக்கொண்டிருந்தது, அதில் எவ்வளவு காலத்தின் பங்கு, எவ்வளவு இந்தக் குழுவின் பங்கு என்று நறுக்கிச் சொல்ல முடியாது. குழுவைப் புகழ்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தச் சங்கடமான ஒப்பீட்டைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

எனினும் கணக்கு வைக்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் அது மேலும் மேலும் கேள்விகளைப் பெறுகிறது. இறந்தார்கள் என்று எண்ணினால் போதுமா, எப்படி இறந்தார்கள் என்று பார்க்க வேண்டாமா என்ற கேள்வி அடுத்துப் பிறந்தது. 384 மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, 100-க்கு 65 மரணங்கள் இருதயம் மீண்டும் போதிய பலத்தோடு இயங்காமல் போனதால் நேர்ந்தவை என்று தெரிந்தது. வைத்தியருக்கு வைத்தியர் காணப்பட்ட வித்தியாசத்தில் ஐந்தில் நான்கு பங்கும் இந்த ஒரு காரணத்திலேயே அடங்கியிருந்தது. ரத்தப்போக்கும் மூளைச் சேதமும் அல்ல. நிறுத்தி வைத்த இருதயத்தை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் இடையிலும் எப்படிக் காப்பது என்பதே கேள்வி என்று அவர்களுடைய கவனம் ஒரு முனையில் குவிந்தது. ரத்தப்போக்கு அதிகமாகிவிடும் என்று அஞ்சி ஆபரேஷனுக்கு முன் ஆஸ்பிரின் மாத்திரையை நிறுத்திவிடும் வழக்கத்தையும் இதே பதிவேட்டை வைத்துச் சோதித்தார்கள். அதை உட்கொண்டிருந்தவர்களிடையே மரணம் குறைவாக இருந்ததைக் கண்டு 2000-இல் வெளியிட்டார்கள்.

என் மனத்தை உறுத்துகிற ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. அந்த 9.2 யார்? அவருடைய கத்தியின் கீழ்ப் படுத்தவர்களுக்கு, பக்கத்து மாநிலத்தில் 1.9 ஒருவர் இருந்திருக்கலாம் என்பது தெரியாது. தெரிவிக்கக் கூடாது என்பதே உடன்பாடு. அதே சமயத்தில் நியூயார்க் மாநிலம் நேர் எதிரான பாதையில் போயிற்று. அங்கே அரசாங்கமே கணக்கெடுத்தது. ஒரு பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போய், 1991-இல் சஸ்திர வைத்தியர்களின் பெயர்களோடு மரண எண்களை வெளிக்கொணர்ந்தது. நோயாளியின் பக்கத்தில் நின்று பார்த்தால் நியூயார்க்கின் வழிதான் நியாயம் என்று தோன்றுகிறது. என் தகப்பனாருக்கு ஆபரேஷன் என்றால் நான் அந்த ஜாபிதாவைத்தான் தேடுவேன். ஆனால் பெயர் வெளிவரும் என்று தெரிந்திருந்தால், வடக்கே அந்த ஐந்து ஆஸ்பத்திரிகளும் தங்கள் ஆபரேஷன் அறைக் கதவை ஒன்றுக்கொன்று திறந்து விட்டிருக்குமா என்பது சந்தேகம். காட்மன் திறந்து காட்டிய படத்தைக் கண்டு பாஸ்டன் வைத்தியர்கள் அவரையே வெளியேற்றினார்கள். இங்கேயோ ஒன்பதுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரம் கண்ணெதிரே கிடந்தும், மூன்று மாநிலங்களிலும் 1987 முதல் 1993 வரை பைபாஸ் செய்துவந்த 23 சஸ்திர வைத்தியர்களில் ஒருவர் கூட அந்த முயற்சியிலிருந்து விலகி நிற்கவில்லை.