எந்த உடல்வாகுக்கு எந்தச் சேலை? விலையைவிடத் துணியின் தன்மையே முக்கியம்

பண்டிகைக் காலமும் முகூர்த்த மாதங்களும் நெருங்கும்போது ஜவுளிக் கடைகளில் சேலை விற்பனை சூடுபிடிக்கிறது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் சேலைகளில் பல ஓரிரு முறை மட்டுமே உடுத்தப்பட்டு, பின்னர் அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன. கடை விளக்கொளியில் கண்ணைக் கவர்ந்த சேலை, கட்டிப் பார்க்கும்போது பொருந்தாமல் போவதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

நிறம், விலை, விளம்பரம் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலானோர் சேலையைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் ஒரு சேலை உடலில் எப்படி அமையும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பவை துணியின் விறைப்பு, அதன் எடை, கரையின் அகலம், கட்டும் முறை ஆகிய நான்குதான். இவற்றைப் புரிந்துகொண்டால், குறைந்த விலைச் சேலையும் எடுப்பாக அமையும்.

அளவுகளுக்குள் அடங்காத ஆடை

தைத்த ஆடைகள் குறிப்பிட்ட அளவுகளில் தயாராகின்றன. இந்தியாவில் விற்கப்படும் ஆயத்த ஆடைகள் பலவற்றின் அளவுகள் அமெரிக்க, பிரிட்டன் அட்டவணைகளைத் தழுவியவை என்பதால், அவை இந்தியர்களுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை என்ற குறை நீண்ட காலமாக உள்ளது. இதைக் களைய, மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவுடன் 'இந்தியாசைஸ்' என்ற திட்டம் 2018-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் (நிஃப்ட்) மேற்கொண்ட இத்திட்டம், 6 நகரங்களில் 15 முதல் 65 வயது வரையிலான 25,000-க்கும் மேற்பட்டோரின் உடல் அளவுகளை முப்பரிமாண ஸ்கேனர் மூலம் பதிவு செய்யும் வகையில் வகுக்கப்பட்டது.

சேலைக்கு இத்தகைய சிக்கல் இல்லை. ஒரே சேலையைத் தாயும் மகளும் உடுத்த முடியும். உடல் எடை கூடினாலும் குறைந்தாலும் அதைப் பிரித்துத் தைக்க வேண்டியதில்லை. எனினும், எல்லோருக்கும் பொருந்தும் ஆடை என்பதால் எல்லாச் சேலையும் எல்லோருக்கும் ஒரே தோற்றத்தைத் தரும் என்று கொள்ள இயலாது.

முதலில் கவனிக்க வேண்டியது துணி

சேலைத் துணிகளை அவை விழும் தன்மையைக் கொண்டு இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம். உடலின் வளைவுகளை ஒட்டித் தழைந்து விழுபவை ஒரு வகை. உடலிலிருந்து சற்று விலகி, விறைப்பாக நிற்பவை மற்றொரு வகை.

ஷிஃபான், ஜார்ஜெட், கிரேப் ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. இவற்றின் நூல் மிகுதியாக முறுக்கேற்றப்பட்டு நெய்யப்படுவதால் துணி வழுவழுப்பாகத் தழைந்து விழுகிறது. மைசூரு பட்டின் மென்மைக்கும் இந்த முறுக்கேற்றிய பட்டு நூலே காரணம். இவ்வகைச் சேலைகள் உடலின் வடிவத்தை உள்ளபடியே காட்டும். கூடுதல் பருமனைச் சேர்க்காது.

ஆர்கன்சா, கஞ்சியிட்ட வங்கப் பருத்தி (தாந்த்), டசர், சரிகை மிகுந்த பனாரசி ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. பட்டு நூலின் மேல் 'செரிசின்' என்ற இயற்கைப் பசை உள்ளது. வழக்கமாக நூலை வேகவைத்து இப்பசை நீக்கப்படும். பசையை நீக்காமல் நெய்தால் துணிக்கு விறைப்பும் கண்ணாடி போன்ற மெல்லிய தன்மையும் கிடைக்கும். மத்தியப் பிரதேசத்தின் சந்தேரி சேலையின் மினுமினுப்புக்கும் ஊடுருவும் தன்மைக்கும் இதுவே அடிப்படை. இவ்வகைத் துணிகள் உடலைச் சுற்றி ஒரு தனி வடிவத்தை உருவாக்குகின்றன.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவையும் உண்டு. பட்டும் பருத்தியும் கலந்த மகேஸ்வரி, மென்மையான கைத்தறிப் பருத்தி, தெலங்கானாவின் போச்சம்பள்ளி, ஒடிசாவின் சம்பல்புரி ஆகியவை அதிகம் ஒட்டாமலும் அதிகம் விலகாமலும் அமைபவை. எந்த வகை பொருந்தும் என்பதில் தெளிவு இல்லாதவர்கள் இவற்றிலிருந்து தொடங்கலாம்.

கடையில் இதை அறிய எளிய வழி உண்டு. சேலையின் ஒரு பகுதியைக் கொசுவம் போல மடித்துக் கையில் பிடித்து, கீழ்நோக்கித் தொங்கவிட வேண்டும். மடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து விழுந்தால் அது தழையும் துணி. விசிறி போல விரிந்து நின்றால் அது விறைப்பான துணி.

உடல்வாகும் தேர்வும்

இடுப்புக்குக் கீழ் அகன்ற உடல்வாகு: தோளைவிட இடைக்குக் கீழ்ப்பகுதி அகன்று இருப்பவர்களுக்கு ஜார்ஜெட், கிரேப், மென்பட்டு போன்ற தழையும் துணிகள் ஏற்றவை. விறைப்பான துணியில் கொசுவம் விரிந்து நின்று கீழ்ப்பகுதியை மேலும் அகலமாகக் காட்டும். வேலைப்பாடு முந்தானையிலும் ரவிக்கையிலும் மிகுந்திருந்தால் பார்வை மேல்நோக்கிச் செல்லும்.

அகன்ற தோள்கள்: இவர்களுக்குக் கீழ்ப்பகுதியில் சற்றுக் கனம் சேர்க்கும் துணி சமநிலையைத் தரும். பருத்தி, டசர், அகலக் கரை கொண்ட பட்டு ஆகியவை பொருந்தும். தோளில் முந்தானையைக் குறுகலாக மடித்துக் குத்துவதும், புடைப்பான கை கொண்ட ரவிக்கையைத் தவிர்ப்பதும் உதவும்.

வயிற்றுப் பகுதி பருத்த உடல்வாகு: மிக மெல்லிய ஷிஃபான் உடலை ஒட்டும்; ஆர்கன்சா மேலும் புடைத்து நிற்கும். எனவே இடைப்பட்ட தன்மை கொண்ட துணியே சிறந்தது. முந்தானையை மடிக்காமல் ஒற்றை அடுக்காக விடுவதும், சற்று நீளமான ரவிக்கை அணிவதும் நடமாட்டத்தை எளிதாக்கும்.

மெலிந்த அல்லது நேரான உடல்வாகு: விறைப்பான துணிகளின் முழுப் பயனைப் பெறக்கூடியவர்கள் இவர்களே. ஆர்கன்சா, தாந்த், சந்தேரி, பனாரசி ஆகியவை தோற்றத்துக்கு நிறைவு சேர்க்கும். உடலுக்கும் கரைக்கும் மாறுபட்ட நிறம் கொண்ட சேலைகளும், பெரிய புட்டாக்களும் எடுப்பாக இருக்கும்.

இடை குறுகி, தோளும் கீழ்ப்பகுதியும் சம அளவில் உள்ள உடல்வாகு: இவர்களுக்குப் பெரும்பாலான துணிகள் பொருந்தும் என்பதால், தட்பவெப்பத்தையும் நிகழ்ச்சியையும் கொண்டு முடிவு செய்யலாம்.

கரையும் உயரமும்

கரை என்பது சேலையின் அடிப்பகுதியில் வரையப்பட்ட ஒரு கிடைக்கோடு. அதன் நிறம் உடலின் நிறத்திலிருந்து எவ்வளவு மாறுபடுகிறதோ, அவ்வளவு தெளிவாக அது உருவத்தைக் குறுக்காக வெட்டிக் காட்டும். உயரமானவர்களுக்கு இது அழகு சேர்க்கும். காஞ்சிபுரம் பட்டில் கரையையும் உடலையும் வெவ்வேறு நிறங்களில் நெய்து கோத்து இணைக்கும் 'கோர்வை' முறை, இத்தகைய அழுத்தமான நிற மாற்றத்துக்குப் பெயர் பெற்றது.

உயரம் குறைந்தவர்களுக்கு 2 முதல் 3 அங்குல அகலக் கரையும், உடலோடு இயைந்த கரை நிறமும் பொருந்தும். ரவிக்கையும் சேலையின் நிறத்திலேயே இருந்தால் தோளிலிருந்து பாதம் வரை பார்வை தடையின்றிச் செல்லும்.

கோடுகள் குறித்த பொதுவான நம்பிக்கை ஒன்றும் மறுபரிசீலனைக்கு உரியது. நெடுக்குக் கோடுகள் உடலை மெலிவாகவும், குறுக்குக் கோடுகள் பருமனாகவும் காட்டும் என்பதே கடைகளில் கூறப்படும் பொதுவிதி. ஆனால் ஜெர்மனிய அறிவியலாளர் ஹெர்மான் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு நேர்மாறான காட்சிப் பிழையைச் சுட்டிக்காட்டினார். ஒரே அளவுள்ள இரு சதுரங்களில், கிடைக்கோடுகள் நிறைந்த சதுரமே உயரமாகத் தோன்றும் என்பது அவரது கண்டறிதல். பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வும், கிடைக்கோடுகள் உடலைப் பருமனாகக் காட்டுவதில்லை என்ற முடிவுக்கே வந்தது. எனவே, கோடு போட்ட சேலை பிடித்திருந்தும் பொதுவிதிக்கு அஞ்சி அதை ஒதுக்க வேண்டியதில்லை.

நீளம், அகலம்: கவனிக்கப்படாத கணக்கு

வழக்கமான சேலையின் நீளம் சுமார் 5.5 மீட்டர், ரவிக்கைத் துணியுடன் சேர்த்தால் 6.3 மீட்டர் வரை வரும். உடலைச் சுற்றி ஏறக்குறைய இரண்டு சுற்று வருவதால், இடைப்பகுதியின் சுற்றளவு 10 அங்குலம் கூடுதலாக இருந்தால் சுமார் 20 அங்குலத் துணி அதிலேயே செலவாகிவிடும். 5 அங்குல அகலமுள்ள ஒரு கொசுவத்துக்கு 10 அங்குலத் துணி தேவை. அதாவது, பருத்த உடல்வாகு கொண்டவர்களுக்கு இரண்டு கொசுவங்கள் வரை குறையும். இல்லையெனில் முந்தானை குட்டையாகும்.

சேலை 'சரியாக அமையவில்லை' என்று தோன்றுவதற்கு உடல்வாகைவிட இந்தக் குறைபாடே பலநேரங்களில் காரணமாக இருக்கிறது. இத்தகையோர், ரவிக்கைத் துணியை வெட்டாமல் சேலையுடனேயே விட்டுவிட்டு, வேறு துணியில் ரவிக்கை தைத்துக்கொள்ளலாம். உயரமானவர்கள் நீளத்தைவிட அகலத்தையே பார்க்க வேண்டும். 44 அங்குலத்துக்கும் 48 அங்குலத்துக்கும் இடையிலான வேறுபாடு, சேலை கணுக்காலில் நிற்குமா, தரையைத் தொடுமா என்பதைத் தீர்மானிக்கும்.

கட்டும் முறையும் ஒரு தேர்வே

இன்று நாடெங்கும் பரவலாக உள்ள, முன்புறம் கொசுவம் வைத்து இடது தோளில் முந்தானை விடும் 'நிவி' முறை மட்டுமே சேலை கட்டும் வழி அல்ல. ஜவுளி ஆய்வாளர் ரீட்டா கபூர் சிஷ்டி, இந்தியாவின் பல்வேறு பகுதிகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கட்டு முறைகளைப் பதிவு செய்துள்ளார்.

குஜராத்தி முறையில் முந்தானை பின்புறமிருந்து வலது தோள் வழியாக முன்னால் விரிந்து விழும். வயிற்றுப் பகுதியை மறைக்க விரும்புவோருக்கும், முந்தானையின் வேலைப்பாட்டைக் காட்ட விரும்புவோருக்கும் இது ஏற்றது. குடகு முறையில் கொசுவம் பின்புறம் செல்வதால் முன்பகுதி தட்டையாக அமையும். மகாராஷ்டிரத்தின் ஒன்பது கெஜச் சேலையைக் கால்களுக்கு இடையே கச்சமாகக் கட்டுவதால் நடப்பதும் வேலை செய்வதும் எளிது. ஒரே சேலையை இரு முறைகளில் கட்டிப் பார்த்த பிறகே அது பொருந்துமா, பொருந்தாதா என முடிவு செய்வது நல்லது.

இறுக்கம் அழகல்ல, ஆபத்து

இடை மெலிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகவும், சேலை நழுவாமல் இருக்கவும் உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் பழக்கம் பலரிடம் உள்ளது. இது உடல்நலத்துக்குக் கேடானது. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நாடா அழுத்தி உரசுவதால் தோல் தடித்து, கறுத்து, புண்ணாகலாம். ஆறாத நாள்பட்ட புண், அரிதாகத் தோல் புற்றுநோயாக மாறக்கூடும்.

இடுப்பில் இவ்வாறு புற்றுநோய் ஏற்பட்ட இரு பெண்களின் மருத்துவ விவரங்களை இந்திய மருத்துவர்கள் 2024-ஆம் ஆண்டு 'பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியிட்டனர். அவர்களில் ஒருவர் உள்பாவாடையை இறுக்கிக் கட்டியவர். மற்றொருவர் உள்பாவாடை இன்றிச் சேலையையே இடுப்பில் இறுக்கிக் கட்டியவர்.

நாடாவைத் தளர்வாகக் கட்டுவது, கட்டும் இடத்தை அவ்வப்போது மாற்றுவது, மெல்லிய கயிற்றுக்குப் பதிலாக அகலமான பட்டை கொண்ட உள்பாவாடையை அணிவது ஆகியவை பாதுகாப்பானவை. இடுப்பில் பல வாரங்களாக ஆறாத புண் இருந்தால் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும். கனமான சேலையைத் தாங்கவே நாடாவை இறுக்க வேண்டியிருக்கிறது என்பதால், எடை குறைந்த சேலையைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு தற்காப்பே. வெப்பம் மிகுந்த மாதங்களுக்கு ராஜஸ்தானின் கோட்டா டோரியா, கேரளத்தின் பலராமபுரம் பருத்தி போன்றவை எடை குறைந்த, காற்றோட்டமான தேர்வுகள்.

வாங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

துணியின் தன்மையே முக்கியம் என்னும்போது, அது உண்மையான துணியா என்பதும் முக்கியமாகிறது. பட்டு என்ற பெயரில் விற்கப்படும் பாலியஸ்டர் சேலை, பட்டைப் போல் தழையாது, வியர்வையையும் உறிஞ்சாது. தூய பட்டுக்கு 'சில்க் மார்க்' முத்திரையும், கையால் நெய்யப்பட்டதற்குக் 'கைத்தறி முத்திரை'யும் உள்ளன. முன்னது பட்டின் தூய்மையை மட்டுமே உறுதி செய்யும். விசைத்தறியில் நெய்த பட்டுக்கும் அது கிடைக்கலாம். கைத்தறிப் பட்டு வேண்டுவோர் இரண்டையும் பார்த்து வாங்க வேண்டும்.

கைத்தறியைத் தேர்ந்தெடுப்பதால் பயன் உடுத்துபவருக்கு மட்டுமல்ல. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 35 லட்சத்துக்கும் அதிகமானோர் கைத்தறி நெசவிலும் அதைச் சார்ந்த பணிகளிலும் ஈடுபட்டுள்ளனர். அவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள்.

உடல்வாகு குறித்த குறிப்புகள் அனைத்தும் வழிகாட்டிகளே, சட்டங்கள் அல்ல. குட்டையானவர் அகலக் கரைச் சேலையை விரும்பி உடுத்தினால் அதில் தவறேதும் இல்லை. கட்டிக்கொண்டு நடக்கவும் அமரவும் படியேறவும் தடையில்லாமல், அடிக்கடி இழுத்துச் சரிசெய்யத் தேவையின்றி நிற்கும் சேலையே ஒருவருக்குப் பொருத்தமான சேலை. கடையில் கண்ணாடி முன் நின்று பார்ப்பதோடு நிறுத்தாமல், சேலையைச் சுற்றிக்கொண்டு ஒருமுறை அமர்ந்து எழுந்து பார்த்தபின் பணம் செலுத்துவது, வாங்கிய சேலை அலமாரியிலேயே முடங்குவதைத் தவிர்க்கும்.