யாருடைய மூளை அது?

மொனராகலைப் பக்கத் தோட்டங்களில் வலிப்பு வரும் பெண்ணை "மூளை பழுதானவள்" என்று சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஷெல் துண்டு தலையில் பட்டு, மறதியோடும் தலையிடியோடும் வாழும் சகோதரிக்கும் இதே பெயர்தான். சொல்பவர்களில் ஒருவராவது மூளையைக் கண்டதுண்டா?

பெங்களூரில் நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தில் மனித மூளைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உள்ளது. பேராசிரியர் எஸ்.கே. சங்கர் பல்லாண்டுகள் பாடுபட்டுச் சேர்த்தவை அவை. ஒரு காலத்தில் மருத்துவம் படிப்போருக்கே உரியதாக இருந்த இந்தச் சேகரிப்பைப் பின்னர் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். பக்கவாதத்தில் இரத்தம் கசிந்த மூளை, விபத்தில் அடிபட்ட மூளை, கட்டி வளர்ந்த மூளை எனப் பலவற்றைப் பார்க்கலாம். கையுறை போட்டுக்கொண்டு உண்மையான மூளையைத் தூக்கியும் பார்க்கலாம். ஏறக்குறைய 1.3 கிலோ, ஒரு நடுத்தரப் பப்பாசிப்பழத்தின் பாரம். அதில் ஒரு தழும்பு இருந்தாலே வலிப்பு வரலாம். பேயும் இல்லை, சாபமும் இல்லை.

எங்கள் மாதர் சங்கத்தில் இதைச் சொன்னபோது, வடக்கிலிருந்து வந்து குடியேறிய அக்கா ஒருவர் வேறொன்றைக் கேட்டார். யாருடைய மூளை அது, கேட்டுத்தான் எடுத்தார்களா என்று. காணாமற்போன மகனுக்காகக் காத்திருப்பவர் அவர். அந்தக் கேள்வி அவருக்குத்தான் முதலில் தோன்றும்.

பெங்களூரில் குடும்பத்தாரின் சம்மதத்தோடு பெறுகிறார்கள். எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. சார்ல்ஸ் பேர்ன் என்ற மிக உயரமான அயர்லாந்து மனிதர் 1783இல் லண்டனில் இறந்தார். தன் உடலை வைத்தியர்கள் எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, கடலில் அடக்கம் செய்யும்படி கேட்டிருந்தார். ஆனால் ஜோன் ஹண்டர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் உடலைப் பெற்று எலும்புக்கூடாக்கினார். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அது காட்சிப்பொருள். 2023இல் ஹண்டேரியன் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டபோது அது காட்சியில் இல்லை. ஆனாலும் கடலில் விடவில்லை. ஆய்வுக்கென்று உள்ளே வைத்துக்கொண்டார்கள். இது அரைகுறை நியாயம் என்பதே என் எண்ணம்.

நம் நாட்டு மருத்துவ பீடங்களிலும் மாணவர்களுக்கான இத்தகைய சேகரிப்புகள் உண்டு. அவற்றையும் வருடத்தில் சில நாட்களாவது நமக்குத் திறக்கலாம். தமிழில் விளக்க ஒருவர் வேண்டும். ஒவ்வொன்றும் எப்படிப் பெறப்பட்டது என்று எழுதி வைக்க வேண்டும். படம் பிடிக்க விடக்கூடாது. இன்னொன்று, இப்படியான இடங்களில் போத்தல்களில் சிசுக்களும் இருப்பதுண்டு. அந்த அலமாரி எந்தப் பக்கம் என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளையை இழந்த தாய் வேறு வழியால் போகட்டும்.