வால் தூக்கினால் செய்தி

மடகாஸ்கர் தீவின் தெற்கிலும் தென்மேற்கிலும் உள்ள காடுகளில் வாழ்கிறது வளையவால் லெமூர் என்னும் விலங்கு. பூனை அளவு உடல். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். வால் மட்டும் உடலைவிட நீளம், ஏறக்குறைய 60 செ.மீ. அதில் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள் மாறி மாறி வரும்; நுனி கறுப்பில் முடியும்.

தென்னமெரிக்கக் குரங்குகள் சில வாலால் கிளையைப் பற்றித் தொங்கும். லெமூருக்கு அது முடியாது. தாவும்போது நிலை தடுமாறாமல் இருக்க வால் உதவும். ஆனால் அதன் பெரிய வேலை, செய்தி சொல்வது. மற்ற லெமூர்களைவிட இந்த இனம் தரையில் அதிக நேரம் நடமாடும். அப்போது வாலைச் செங்குத்தாக உயர்த்தியே நடக்கும். புதர்களுக்கு மேலே வளையங்கள் தெரிவதால் கூட்டம் சிதறுவதில்லை.

ஆண்கள் அந்த வாலையே ஆயுதமாகவும் ஆக்கிக்கொள்கின்றன. மணிக்கட்டில் உள்ள சுரப்பிகளில் வாலைத் தேய்த்து நாற்றமேற்றி, எதிராளியை நோக்கி ஆட்டும். கடித்துக் குதறாமலே பல சண்டைகள் இப்படி முடிந்துவிடும். இனப்பெருக்கக் காலத்தில் பெண்களை நோக்கியும் வால் ஆடும். ஆனால் மணம் மாறியிருக்கும். அந்தப் பருவத்தில் மணிக்கட்டுச் சுரப்பில் பழவாசனை தரும் ஆல்டிஹைடு வகை வேதிப்பொருள்கள் மூன்று கூடுவதை டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தார்கள். அந்த மணத்தைப் பெண் லெமூர்கள் கூடுதல் நேரம் முகர்ந்தன.

முகர்ந்தாலும் முடிவு பெண்ணுடையதுதான். இந்தக் கூட்டங்களில் பெண்களுக்கே முதலிடம். தின்பதிலும் ஆண்கள் வழிவிட வேண்டும். மடகாஸ்கரின் பெரென்டி காப்பகத்தில் 1960களில் ஆய்வைத் தொடங்கிய விலங்கியலாளர் அலிசன் ஜாலி இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். அங்குள்ள ஆற்றோரக் காடுகளில் இவற்றின் முக்கிய உணவு, நமக்கு நன்கு தெரிந்த புளியமரத்தின் பழமும் இலையும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநில விலங்கான ரிங்டெயிலுக்கும் வளைய வால் உண்டு. ஆனால் அது ரக்கூனின் உறவு. இரவில் தனியே திரிவது. வால் ஒன்றுபோல இருந்தாலும் வம்சமும் வாழ்க்கையும் வேறு.

வளையவால் லெமூர் இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனம். விளைநிலத்துக்கும் கரிக்கும் காடு அழிகிறது. குட்டிகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதும் நடக்கிறது. கூட்டத்தோடு பேச உருவான வால், கூண்டில் யாரோடு பேசும்? லெமூரைச் செல்லப்பிராணியாகக் காட்டும் காணொளி கைப்பேசியில் வந்தால், அதை யாருக்கும் பகிராதீர்கள்.