இரு பானைகளுக்கு இடையே ஈர மணல்

வெயில் ஏறிய நண்பகலில் வீடு திரும்புகின்றவர் முதலில் நாடுவது, மூலையில் மணல்மீது வைக்கப்பெற்றிருக்கும் மண்பானையையே. அதன் நீர் குளிர்ந்திருப்பது எவ்வாறு? பானையின் சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே கசியும் நீர் புறத்தே ஆவியாகின்றது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் அது பெற்றுக்கொள்கின்றது. நம் வீடுகளில் வழங்கும் 'கூஜா' என்னும் சொல்லும், மண்குடுவையைக் குறிக்கும் 'கூஸா' என்னும் பாரசீகச் சொல்லின் திரிபே ஆகும். மண் போய்ப் பித்தளையும் எவர்சில்வரும் வந்த பின்னும் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பானை நீரைக் குளிர்விக்குமாயின் காய்கறியையும் குளிர்விக்கலாகாதா? இவ்வினாவை விடாது பற்றியவர் ஆப்பிரிக்காவின் நைஜீரிய நாட்டு ஆசிரியர் ஒருவர். முகம்மது பா அப்பா என்பது அவர் பெயர். (நம் செவிக்கு உறவுப் பெயராக ஒலிப்பினும் அஃது அவருடைய இயற்பெயரின் பகுதியே.) பானை வனையும் குடும்பத்தில் பிறந்து, வட நைஜீரியாவின் ஜிகாவா மாநிலத்தில் பாலிடெக்னிக் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். மின்வசதி எட்டாத சிற்றூர்களில், உழவர் விளைவித்த காய்கள் விற்பதற்குள் அழுகிப்போவதைக் கண்டு, 1995ஆம் ஆண்டு அவர் ஓர் அமைப்பை உருவாக்கினார். பெரிய பானைக்குள் சிறிய பானை, இரண்டுக்கும் இடையே மணல், அம்மணலில் நீர், வாயின்மீது ஈரத்துணி. இவ்வளவே அக்கருவி!

அவர்தம் சோதனையில் 3 நாளில் கெடும் கத்தரிக்காய் 27 நாள்கள் கெடாதிருந்தது. ஒரே நாளில் வாடும் கீரை 12 நாள்கள் தாங்கிற்று. வேலையற்றிருந்த குயவர்களைக் கொண்டு 5,000 இணைப் பானைகளைச் செய்வித்து இலவசமாக வழங்கினார். எழுத்தறியா மக்களுக்குத் துண்டறிக்கையால் பயனில்லை என்றுணர்ந்து, உள்ளூர் நடிகரைக் கொண்டு நாடகமாக்கிப் படம்பிடித்துக் காட்டினார். 2000ஆம் ஆண்டு ரோலெக்ஸ் விருது அவரை அடைந்தது.

நம் நெஞ்சைத் தொட்டது விருதன்று. அவ்வூர்களில் நாள்தோறும் காய்கறியைச் சுமந்துசென்று விற்கும் பொறுப்புச் சிறுமியர்மீது இருந்தது. இன்று விற்காதது நாளை குப்பைக்குப் போகும் என்னும் நிலையில் பள்ளிக்கு ஏது நேரம்? காய்கள் கெடாதிருக்கவே நாள்தோறும் அலையும் கட்டாயம் தளர்ந்தது. சிறுமியர் பள்ளி செல்ல வழி பிறந்தது. ஒரு பிடி மணல் பள்ளிக் கதவைத் திறக்கக்கூடும் என்று நாம் எண்ணியிருப்போமா?

நம் நாட்டிலும் இத்தகு முயற்சிகள் உண்டு. புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980களிலேயே இதே நெறியில் செங்கல் அறையொன்றை வகுத்தது. இரட்டைச் சுவர், நடுவே 7.5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஆற்றுமணல், காலையும் மாலையும் நீர். மின்சாரம் சிறிதும் வேண்டா. குசராத்தின் வாங்கானேர் ஊரைச் சார்ந்த மன்சுக்பாய் பிரசாபதி என்னும் குயவர், 2001 நிலநடுக்கத்திற்குப் பின் களிமண்ணாலேயே குளிர்ப்பெட்டி அமைத்து நாடறியச் செய்தார்.

எனினும் இஃது எவ்விடத்தும் ஒருபடித்தாகப் பயன்தரும் என்று கூறுதல் தவறு. காற்று எத்துணை வறண்டுள்ளதோ அத்துணை விரைவில் நீர் ஆவியாகும். வெப்பம் 38 டிகிரியும் காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காடும் உள்ள இடத்தில், ஏறத்தாழ 24 டிகிரி வரை குளிர்விக்க இடமுண்டு. 32 டிகிரியும் 80 விழுக்காடும் உள்ள கடற்கரை ஊரிலோ 29 டிகிரிக்குக் கீழே இறங்க இயலாது. ஆகவே காயல்பட்டினத்தாரும் நாகூராரும் இப்பானையை நம்பி ஏமாறவேண்டா. உள்நாட்டுக் கரிசல் ஊர்களின் பங்குனி சித்திரைக்கே இஃது உரியது. எங்கும் பாலுக்கும் இறைச்சிக்கும் மீனுக்கும் இது போதாது.

சென்ற கோடையில் நாமும் இதனைச் செய்து பார்த்தோம். முதல் முயற்சி தோல்வியே. சந்தையில் அழகுக்காக வாங்கிய வெளிப்பானைக்கு வண்ணம் பூசியிருந்தனர். துளைகள் அடைபட்டதால் உள்ளே புழுக்கமே மிஞ்சியது. வண்ணம் பூசாத பானையை வாங்கி, இரு விரற்கடை மணலிட்டு, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தோம். (சமையலறை மூலையில் வைப்பது வீண்.) வேதியியல் துறை நண்பரிடம் இரவல் பெற்ற வெப்பமானி, வெளியே 37 டிகிரியும் உள்ளே 27 டிகிரியும் காட்டியது. மறுநாளே துவளும் கொத்துமல்லி நான்காம் நாளும் நிமிர்ந்து நின்றது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றிய வாரத்தில் வெளிச்சுவரில் வெள்ளை பூத்துக் குளிர்ச்சி குன்றியது. பிறகு குடிநீரையே நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் அளவில் ஊற்றினோம். ஐப்பசி மழையில் உள்ளும் புறமும் ஒரே வெப்பமாகிவிட, பானைகளைக் கவிழ்த்து வைத்தோம்.

அவ்விரண்டு பானைகளையும் தேடிப் பெறுவதே பெரும்பாடாயிற்று. சங்கப் புலவர்கள் குயவரை 'வேட்கோ' என்றனர். அச்சொல்லில் நிற்கும் 'கோ' அரசனையும் குறிப்பது. நம் ஊரிலோ சக்கரம் சுற்றும் வீடு ஒன்றே எஞ்சியுள்ளது. ஒன்றனுள் ஒன்று அடங்கும் இரண்டு பானைகள் வேண்டும் என்று நாம் கேட்டபோது அம்முதியவர் வியப்புற்று, "எதுக்குங்கய்யா?" என்றார். விளக்கிச் சொன்னோம். சிறிது நேரம் சிந்தித்தவர், உள்பானையின் கழுத்தைக் குறுக்கி வாயைச் சற்று விரித்தால் மணல் உள்ளே சரியாது என்று தாமே ஒரு திருத்தம் கூறினார். வரும் தை மாதத்தில் அவ்வாறே பத்து இணைகள் வனைந்து தருவதாக ஒப்புக்கொண்டுள்ளார். விடுதி மாணவர்களும் நாமும் முன்பணம் கொடுத்திருக்கிறோம்.